வழியும் வரவுசெலவும்

புத்தகசாலைகளில் அரசாங்க வரவுசெலவைப் பற்றிய நூல்கள் ஒரு பலகையிலும், காடும் மலையும் கடந்தோர் எழுதிய யாத்திரை நூல்கள் மற்றொரு பலகையிலும், தூர தேசத்து எல்லை நிலங்களிற் குடியேறினோர் வரலாறுகள் வேறொரு பலகையிலும் வைக்கப்பட்டிருத்தலைக் காண்கிறோம். நம் இளைஞர் பின்னிரண்டையும் விருப்பத்தோடு எடுத்துச் செல்கின்றனர். முதற்பலகையிலோ தூசி படிகின்றது. கணக்கு நூலில் என்ன சுவை உண்டு என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆயினும் நம் பட்டுக்கோட்டைச் சீமையின் சரித்திரத்தைச் சிறிது ஆராய்ந்தால், இம்மூன்று பலகைகளும் தம்முள் பிரிக்கக்கூடாதவை என்பது விளங்கும். அதனை நம் சங்கத்து அங்கத்தினருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேதுபாவாசத்திரம் என்னும் ஊர்ப்பெயரை நாம் அடிக்கடி சொல்லுகிறோம். அப்பெயரின் இறுதியில் ஒரு சத்திரம் நிற்பதை நினைப்பார் சிலரே. தஞ்சையினின்றும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகக் கடற்கரையை அடைந்து இராமேசுவரம் செல்லும் பாதை, புகைவண்டி வருமுன் பல தேசத்து யாத்திரிகர் கால்நடையாய் நடந்த பாதையாகும். வெயிலும் நோயும் பசியும் அவ்வழியின் இயல்புகள். அவற்றினின்று வழிப்போக்கரைக் காக்கத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் இப்பாதையிற் சத்திரங்களை நிறுவினர். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரமும், அதிராம்பட்டினத்தை அடுத்த ராசாமடத்துச் சத்திரமும், மணமேல்குடி, மீமிசல் முதலிய ஊர்களின் சத்திரங்களும் இவ்வரிசையில் எண்ணத்தக்கவை.

சத்திரம் கட்டுவது எளிது. நாள்தோறும் உலையேற்றுவதே அரிது. அதற்கெனக் கிராமங்கள் மானியமாக விடப்பட்டன. அவற்றில் விளைந்த நெல் இத்தனை கலம், அரிசியாகக் குத்தியது இத்தனை, உப்பு, புளி, காய்கறி, விறகுக்கு இத்தனை, பரிசாரகர் கூலி இத்தனை என்று கணக்கு எழுதப்பட்டால்தான் அடுத்த ஆண்டும் அடுப்பு எரியும். ஆகவே சத்திரத்தின் உயிர் அதன் கணக்கிலேயே இருந்தது.

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை இராச்சியத்தின் நிர்வாகம் கும்பினியாருக்குச் சென்றது. இரண்டாம் சரபோஜி மன்னருக்குக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குமே எஞ்சின. அந்நிலையிலும் அவர் 1801ஆம் ஆண்டில் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதிச் சத்திரங்களும் அவற்றின் மானியங்களும் தம் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டுமென வாதாடினார். அந்தணர் முதலாகத் தாழ்த்தப்பட்டோர் ஈறாக எல்லா வகுப்பாருக்கும் அங்கே உணவு அளிக்கப்படுவதையும், பிணியாளருக்கு மருந்தும், கருவுற்ற பெண்டிருக்குப் பேறுகாலப் பராமரிப்பும், ஆதரவற்ற பிள்ளைகட்குக் கல்வியும் தரப்படுவதையும் அதில் விவரித்தார். நாட்டை இழந்த அரசர், சோற்றுக் கணக்கை இழக்க ஒருப்படவில்லை. சத்திரங்கள் அவர் பொறுப்பிலேயே விடப்பட்டன.

அவ்வரண்மனையின் கணக்குகளும் கடிதங்களும் மோடி எழுத்தில் மராட்டிய மொழியிலே எழுதப்பட்டமையால் நெடுங்காலம் நம்மவர்க்கு எட்டாதிருந்தன. அவற்றுட் பலவற்றின் தமிழாக்கத்தைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. வரவுசெலவு நூலிற் சுவை இல்லையென்போர் அத்தொகுதிகளைப் புரட்டிப் பார்ப்பாராக.

இனி இரும்புப் பாதையின் செய்தி. தஞ்சை ஜில்லா போர்டார், நிலமுடையோரிடம் ஒரு சிறு மேல்வரி தண்டி, அந்நிதியைக் கொண்டு சொந்தமாகவே ஓர் இரயில் பாதை அமைக்கத் துணிந்தனர். மாயவரத்தினின்று முத்துப்பேட்டை வரை 1894ஆம் ஆண்டில் வண்டி ஓடிற்று. 1902இல் பட்டுக்கோட்டைக்கும், 1903இல் அறந்தாங்கிக்கும் பாதை நீண்டது. ஒரு ஜில்லாவின் குடிகள் செலுத்திய வரியே தண்டவாளமாயிற்று என்பது பெருமைக்குரிய செய்தி. 2019ஆம் ஆண்டில் திருவாரூர் முதல் காரைக்குடி வரை அகலப்பாதையாகத் திறக்கப்பட்ட வழியிற் பயணம் செய்வோர், அதன் முதற்பகுதியைப் போட்டவை நம் முன்னோர் கொடுத்த காசுகள் என்பதை நினைத்தல் நன்று.

காவிரியின் பழம்பாசனம் பட்டுக்கோட்டைச் சீமையின் மேட்டு நிலங்களுக்கு எட்டியதில்லை. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்ட பின்னரே அங்கு ஆற்றுநீர் பாய்ந்தது. அதற்கு முன் வானம் பொய்த்தால் பிழைப்பும் பொய்த்தது. ஆதலால் தஞ்சை ஜில்லாவினின்றும் எண்ணிறந்தோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குச் சென்று, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிற் காடு திருத்தினர்.

அங்கும் ஒரு நிதி இருந்தது. 1907ஆம் ஆண்டில் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் தங்களிடம் வேலை செய்யும் ஆட்களின் அளவுக்கேற்பப் பணம் செலுத்த, அதனின்று கூலியாட்களின் கப்பற்செலவு கொடுக்கப்பட்டது. கப்பற்கடன் ஏழையின் தலையில் ஏறாமற் போனது நன்மையே. எனினும் அந்நிதியின் முதல் நோக்கம் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பது. ஆளின் நலம் அதற்கு அடுத்தது. சத்திரக் கணக்கு வழிநடப்போனுக்காக எழுதப்பட்டது. இக்கணக்கு அவனை வேலைக்கு அழைத்தோருக்காக எழுதப்பட்டது. ஒரு நிதியைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி எத்தனை ரூபாய் என்பது மட்டுமன்று, யாருக்காக என்பதுமாகும்.

நிதியும் சத்திரமும் இல்லாத வழி எத்தகையது என்பதை 1942ஆம் ஆண்டு காட்டிற்று. 1941 டிசம்பரில் இரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். அவர்களுட் பெருந்தொகையினர் தாமு, மணிப்பூர் மலைவழியாகவும் அரக்கான் வழியாகவும் கால்நடையாய் வந்தனர். வாந்திபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் பசியாலும் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். தேயிலைத் தோட்டத்தார் சங்கம் அமைத்த முகாம்கள் சிலரைக் காத்தன; அவை வந்ததோ கூட்டம் புறப்பட்ட பின்னர். வெள்ளையருக்கு ஒரு வழியும் இந்தியருக்கு ஒரு வழியுமாக வேற்றுமை காட்டப்பட்டதென்று நம் தேசத் தலைவர்கள் அந்நாளிலேயே கண்டித்தனர். எல்லா வகுப்பாருக்கும் சோறு உண்டென்று 1801இல் எழுதிய தஞ்சைக் கடிதத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

அம்மலைவழியில் நடந்தோருள் ஒருவர் வெ. சாமிநாத சர்மா. இரங்கூனில் 'ஜோதி' என்னும் பத்திரிகையை நடத்தியவர். அரசியலைப் பற்றியும் உலக நாடுகளைப் பற்றியும் தமிழில் பல நூல்கள் இயற்றியவர். அவர் தம் மனைவியாரோடு நடந்து தாயகம் சேர்ந்து, அவ்வனுபவத்தைப் பர்மா வழிநடைப் பயணமென எழுதி வைத்தார். அரசாட்சியின் முறைகளை விளக்கிய அதே கை, ஆட்சி கைவிட்ட வழியின் துயரையும் எழுதிற்று. இரு வகை நூலும் ஒருவருக்குள்ளேயே அடங்கிய இதனைவிடச் சிறந்த சான்று நமக்கு வேண்டுவதில்லை. அவர் எழுதியதனால் நாம் அறிகிறோம். எழுதாது மாண்டோரும், எழுதத் தெரியாது மீண்டோரும் எத்தனை பேர்! நம் குடும்பங்களிலும் அத்தகையோர் இருந்திருப்பர்.

ஆதலால் மூன்று காரியங்களை நம்மவர்க்கு விண்ணப்பம் செய்கிறோம். முதலாவது, வீட்டுப் பரணிற் கிடக்கும் ஏட்டுக் கணக்குகளையும் பழைய பற்றுவரவுப் புத்தகங்களையும் குப்பையென்று எரித்துவிடாதீர்கள். நெல்விலையும் கூலியும் கப்பற்செலவும் அவற்றிலேதான் இருக்கின்றன. இரண்டாவது, மலாயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்து திரும்பிய பெரியோர் சொல்வதை, நம் வீட்டுப் பெண்மக்களின் நினைவுகளையும் சேர்த்து, இளைஞர் எழுதிவைக்கவேண்டும். 1942இல் குழந்தைகளாய் நடந்தோர் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள், காலம் குறுகியது.

மூன்றாவது, நம்மைப் பற்றியதே. ஆண்டுக் கூட்டத்தில் வரவுசெலவு படிக்கப்படும்போது நம்மிற் பலர் எழுந்து வெளியே செல்லுகிறோம். அப்பழக்கம் ஒழியவேண்டும். நம் மாணவர் நிதியும் வழிநடப்போருக்கென நாம் எடுத்துவைத்த நெல்தான். அது யாரிடமிருந்து வந்தது, யாரைச் சேர்ந்தது, வாசலில் வந்து நின்ற பிற வகுப்பு ஏழைப் பிள்ளைக்கு அதில் ஒரு பிடி உண்டா என்று கேட்பது நம் கடமை. சரபோஜி மன்னர் சத்திரங்களுக்காக வாதாடியபோது, இன்ன குலத்தார்க்கு மட்டும் என்று எழுதவில்லை. அந்தச் சத்திரங்களின் வழியிலே வாழும் நாம், நம் கணக்கில் அதற்குக் குறைவாக எழுதுதல் தகுமா என்பதை வரும் கூட்டத்தில் அங்கத்தினர் அனைவரும் ஆலோசிப்பாராக.