வார்ப்பினுள் மறைந்த குறை

ஒரு பொருளின் உறுதி அதன் மூலப்பொருளை மட்டும் பொறுத்ததன்று. அது ஆக்கப்பட்ட முறையையும் பொறுத்ததாகும். உலோக வார்ப்புத் தொழில் இவ்வுண்மையை மனித உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றுக்கொண்டது.

ஸ்கொத்லாந்தின் டே ஆற்றின் குறுக்கே தோமஸ் பவுச் அமைத்த புகையிரதப் பாலம் 1878இல் திறந்துவைக்கப்பட்டது. 1879 டிசெம்பர் 28ஆம் திகதி இரவு வீசிய கடும் புயலில் அதன் நடுவிலிருந்த 13 கண்கள் சரிந்தன. அவ்வேளை பாலத்தைக் கடந்துகொண்டிருந்த புகையிரதத்தில் இருந்தோருள் ஒருவரேனும் உயிர் தப்பவில்லை.

1880இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, காற்றின் விசையைத் தாங்கவியலாத குறுக்குப் பிணைப்புகளையே வீழ்ச்சிக்கு முதற்காரணமாகக் கண்டது. ஆயின் அப்பிணைப்புகளைத் தாங்கிய காதுகள் வார்ப்பிரும்புத் தூண்களோடு ஒன்றாக வார்க்கப்பட்டவை. இரும்பு தரங்குறைந்ததன்று எனினும், உருகிய நிலையில் மந்தமாக ஓடியமையால் குறையற்ற வார்ப்புகளைப் பெறுதல் கடினமாயிற்று என அறிக்கை குறிப்பிட்டது. வார்ப்புகளிற் காணப்பட்ட துவாரங்கள் தேன்மெழுகு, பிசின், இரும்புத்தூள், விளக்குக்கரி ஆகியன கலந்த பசையால் அடைத்து மறைக்கப்பட்டமையும் விசாரணையில் வெளிப்பட்டது. சோதனைக்குட்பட்ட காதுகள் எதிர்பார்க்கப்பட்டதிலும் மிகக் குறைந்த சுமையிலேயே முறிந்தன. ஆணித் துளைகளின் கூம்பு வடிவமும் இதற்குத் துணைநின்றது.

பசையால் மறைக்கப்பட்டவை கண்ணுக்குத் தெரிந்த குறைகள். கண்ணுக்குத் தெரியாத குறைகளின் தோற்றத்தை ஆராய்ந்தோருள் பிரித்தானியரான ஜோன் கம்பெல் முதன்மையானவர். அச்சினுள் உலோகம் செக்கனுக்கு ஏறத்தாழ 0.5 மீற்றர் வேகத்தை விஞ்சிப் பாயுமாயின் அதன் மேற்பரப்பு கலைந்து மடியும். மேற்பரப்பிற் படர்ந்த ஒட்சைட்டுப் படலமும் அதனோடு மடிந்து, ஒட்டாத இரட்டைப் படலமாக உள்ளே சிக்கும். உறைந்த வார்ப்பில் அது வெடிப்பாகவே செயற்படும். அவ்வேகத்தை எய்துதற்கு உலோகம் 13 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழுதலே போதுமானது. எனவே மேலிருந்து ஊற்றும் எம்முறையிலும் இவ்விடர் உண்டு.

1970களின் பிற்பகுதியிலிருந்து கொஸ்வேர்த் நிறுவனம் பந்தயக்கார் எஞ்சின்களுக்கென உருவாக்கிய முறை இதற்கு விடையாக அமைந்தது. அம்முறையில் உருகிய அலுமினியம் மின்காந்தப் பம்பியினால் கீழிருந்து மேலாக அமைதியாகச் செலுத்தப்பட்டு மணல் அச்சை நிரப்பியது.

டே பாலத்தின் காதுகளை வெளித்தோற்றத்தால் மதிப்பிட்டோர் அவற்றை நம்பினர். வார்ப்பின் நம்பகத்தன்மை, அது உறைந்தபின் நிகழும் பார்வையீட்டாலன்றி, அச்சு நிரம்பும் அச்சில கணங்களிலேயே பெரும்பாலும் தீர்மானிக்கப்படுகின்றது எனலாம்.