பார்த்து வந்தோம்; படிப்பினை பெற்றோமா?

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. வசதியுள்ளோர் எகிப்தின் பிரமிடுகளையும் இஸ்தான்புல்லின் பள்ளிவாசல்களையும் காணச் செல்கின்றனர். உம்ராவுக்குச் செல்வோரில் சிலர் மதாயின் ஸாலிஹ் வரை சென்று வருகின்றனர். மற்றவர்கள் தாஜ்மஹாலைப் பார்த்துத் திரும்புகின்றனர். கைப்பேசி நிறையப் படங்கள் சேர்கின்றன. உள்ளத்தில் என்ன சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று பாருங்கள் என அல்லாஹ் திருமறையின் பல இடங்களில் நம்மை அழைக்கிறான். அவர்கள் பின்வந்தோரைவிட வலிமை மிக்கவர்களாக இருந்தனர், பூமியை அதிகமாகப் பண்படுத்தினர் என்ற கருத்தை அர்ரூம் அத்தியாயத்தின் 9ஆம் வசனம் உணர்த்துகிறது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தின்போது ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ர் பகுதியை நபி (ஸல்) அவர்கள் கடந்து சென்றார்கள். அழுதவர்களாகவே அன்றி அங்கே நுழைய வேண்டாம் எனத் தோழர்களுக்கு அறிவுறுத்தி, தம் தலையை மூடிக்கொண்டு விரைந்தார்கள். அதே ஹிஜ்ர் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று அங்கே சிரித்தபடி படம் எடுத்துக்கொள்வோர் ஏராளம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மதரஸா மாணவர்களை மதுரை கோரிப்பாளையம் தர்காவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். கோரி என்றால் பாரசீக மொழியில் கப்ரோடு தொடர்புடைய சொல். வைகையின் வடகரையில் உள்ள அந்தப் பழங்கட்டடத்தில் மதுரை சுல்தான்கள் இருவர் அடங்கியிருப்பதாக வழிவழியாகக் கூறப்படுகிறது. அப்போது பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர், “ஹஜ்ரத், ஒரு காலத்தில் மதுரையை நாம்தான் ஆண்டோமா?” என்று கேட்டார். அவர் முகத்தில் பெருமிதம் இருந்தது. நாமும் அதே பெருமிதத்தோடு, “ஆமாம்” என்று சொல்லிச் சுல்தான்களின் பெயர்களை ஒப்பித்தோம். சொல்ல வேண்டியதில் பாதியை மறைத்துவிட்டோம் என்பது பின்னர் இப்னு பதூதா அவர்களின் பயண நூலை மீண்டும் படித்தபோதுதான் உறைத்தது.

மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா 1325இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டவர். 1326இல் அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கத்தைக் கண்டபோது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349இல் மீண்டும் சென்றபோது உள்ளே நுழையவும் முடியாத அளவுக்கு அது சிதைந்து போயிருந்தது. உலக அதிசயம் என்று பேசப்பட்ட கட்டடம் அழிந்துகொண்டிருந்ததை ஒரே மனிதர் இருமுறை கண்டு எழுதி வைத்தார்.

அவர் நம் மதுரைக்கும் வந்தார். தில்லியில் காஜியாகப் பணியாற்றி, மாலத்தீவிலும் காஜியாக இருந்து, இலங்கையின் ஆதம் மலையில் ஏறி இறங்கியபின், 1344 வாக்கில் மஅபர் என்று அரபியர் அழைத்த நம் கடற்கரையை நோக்கிக் கப்பலேறினார். கரைக்கு அருகே கப்பல் சேதமடைந்தது. அப்போது மதுரையை ஆண்டவர் கியாசுத்தீன் தாமகானி. மதுரை சுல்தானகத்தை ஏறத்தாழ 1335இல் நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹ்வின் மகள்மாரையே இருவரும் மணந்திருந்தனர். சகலபாடி வந்திருக்கிறார் என்பதால் வரவேற்புக்குக் குறைவில்லை. அகன்ற வீதிகள் கொண்ட பெருநகரம் என்று மதுரையை அவர் வருணிக்கிறார்.

ஆனால் அவர் கண்டது வீதிகளை மட்டுமல்ல. ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் 1342 வாக்கில் போரில் பிடிபட்டார். விடுவிப்பதாக நம்பவைத்து அவருடைய செல்வத்தைப் பெற்றுக்கொண்ட சுல்தான் அவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார். அதனைத் தாமே கண்டதாக இப்னு பதூதா எழுதுகிறார். காட்டில் பிடிபட்ட மக்கள் மனைவி, மக்களோடு கொல்லப்பட்டதையும் எழுதுகிறார். ஒருநாள் சுல்தானோடு உணவருந்தும்போது ஒருவரும் அவர் மனைவியும் ஏழு வயது மகனும் வெட்டப்பட்டனர். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறெந்த அரசரும் செய்து தாம் அறியாத கொடுமை என்றும், இதனாலேயே அல்லாஹ் அவருடைய மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் பதிவு செய்தார். மதுரையில் கொள்ளைநோய் பரவியது. நோய் கண்டவர்கள் சில நாள்களுக்குள் மாண்டனர். சுல்தானின் குடும்பத்திலும் மரணம் புகுந்தது. அவரும் விரைவில் மாண்டார்.

விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் மனைவி கங்காதேவி, கணவரின் வெற்றியைப் பாடி ‘மதுரா விஜயம்’ என்ற சமஸ்கிருதக் காவியம் இயற்றினார். அதில் மட்டும் இக்கொடுமைகள் சொல்லப்பட்டிருந்தால் எதிரியின் கூற்று என்று நாம் ஒதுக்கியிருக்கலாம். ஆனால் எழுதியவர் நம் மார்க்கத்தின் காஜி. அதே சுல்தானின் உறவினர். அவர் தந்த உணவை உண்டவர். இப்னு பதூதாவும் குறையற்றவர் அல்லர். அதே சுல்தானோடு சேர்ந்து மாலத்தீவின்மீது படையெடுக்கத் திட்டமிட்டதையும் அவரே எழுதியிருக்கிறார். இருந்தும் உறவுக்காக உண்மையை மறைக்கவில்லை. போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதையும், இறந்தோரின் உடலைச் சிதைப்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்த அளவுகோல் பிறருக்கு மட்டும் உரியதன்று. நம் பெயர் தாங்கிய அரசர்களுக்கும் அதுவே.

அந்த அரசு நீடித்தது ஏறத்தாழ 40 ஆண்டுகளே. ஆனால் மதுரையில் இஸ்லாம் அந்த அரசோடு வந்ததும் அன்று, அதோடு போனதும் அன்று. அதற்கு முன்பே பாண்டியர் ஆட்சியில் அரபு வணிகர்கள் குதிரைகளோடு நம் துறைமுகங்களில் இறங்கினர். தகியுத்தீன் என்ற முஸ்லிம் ஒருவர் பாண்டியரின் அமைச்சராகவே இருந்தார். காஜிமார் பெரிய பள்ளிவாசலும் பாண்டியர் காலத்தில் உருவானது என்றே நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். வாளை நம்பிய சுல்தானின் கோட்டை எங்கே என்று இன்று தேடவேண்டியுள்ளது. நாணயத்தை நம்பிய வணிகர்களின் வழியில் வந்த தொழுகை வரிசைகளோ நாள்தோறும் ஐந்து நேரமும் நிற்கின்றன.

அந்த மாணவர் இப்போது கல்லூரி மாணவராகிவிட்டார். சென்ற ரமளானில் தராவீஹ் தொழுகைக்குப்பின் அவரை அருகில் அமர்த்தி, அன்று மறைத்த பாதியைச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அன்றைக்கே சொல்லியிருக்கலாமே ஹஜ்ரத்” என்றார். நம்மிடம் பதில் இல்லை.

பெற்றோர்களே, பிள்ளைகளைப் பிரமிடுக்கும் தாஜ்மஹாலுக்கும் அழைத்துச் செல்லுங்கள். முதலில் நம் மதுரையையே காட்டுங்கள். கட்டியவர் யார் என்பதோடு நின்றுவிடாமல், அவர் கையின்கீழ் வாழ்ந்த மக்கள் எப்படி இருந்தனர் என்றும் கேட்கச் சொல்லுங்கள். பெருமைக்குரியதைச் சொல்லும் நாவால் வெட்கத்திற்குரியதையும் சொல்லுங்கள். அதனால் நம் ஈமான் குறைந்துவிடாது. பிள்ளைகளுக்கு நம்மீதுள்ள நம்பிக்கை கூடும்.

காண்பதில் படிப்பினை பெறும் பார்வையையும், நமக்கு எதிராக இருப்பினும் நீதியைச் சொல்லும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.