துண்டுச்சீட்டு முதல் ஸொட்டெரோ வரை: சேர்த்த கட்டுரையைத் தேடி எடுக்கும் கதை

நம் ஆசிரியர்களில் பலர் இப்போது பட்டப்பின் கல்வி டிப்ளோமாவோ முதுமாணியோ செய்துகொண்டிருக்கிறார்கள். எல்லோருடைய மடிக்கணினியிலும் 'டவுன்லோட்ஸ்' கோப்புறை நிரம்பி வழிகிறது. வட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப், பல்கலைக்கழக ஆய்விதழில் இருந்து இறக்கியது, நூலகம் தளத்தில் எடுத்தது, ஒரே கட்டுரை மூன்று பெயரில் மூன்று தடவை. ஆய்வு எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தெரியும். வாசித்தது ஞாபகம் இருக்கும், எதில் வாசித்தோம் என்பது இருக்காது.

"இதற்கு எந்த சொப்ட்வெயார் நல்லது?" என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பெயர்கள் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறுகின்றன. எதைப் பார்த்துத் தெரிவு செய்வது என்று தெரிந்தால் அது என்றைக்கும் உதவும். அதற்குக் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும். நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

பக்தாதில் இருந்து தொடங்குவோம். ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987 அளவில், இப்னு அந்நதீம் 'அல்பிஹ்ரிஸ்த்' என்ற நூலைத் தொகுத்தார். அவர் நூல்களைப் பிரதிசெய்து விற்கும் 'வர்ராக்' தொழில் செய்தவர். அரபு மொழியில் அன்று கிடைத்த நூல்களைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்தார். வேதங்கள், இலக்கணம், வரலாறு, கவிதை, கலாம், பிக்ஹ் என்று தொடங்கி மெய்யியல், கணிதம், மருத்துவம், கதைகள், பிற சமயங்கள், இரசவாதம் வரை போகிறது. நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் மட்டும் எழுதி அவர் நிறுத்தவில்லை. கவிஞர்களின் தொகுப்புகள் சுமார் எத்தனை தாள் வரும் என்றும் குறித்து வைத்தார். அரைகுறைப் பிரதியை முழு நூல் என்று விற்பவனிடம் வாங்குபவர் ஏமாறக்கூடாதல்லவா?

அவர் பட்டியலிட்ட நூல்களில் பெரும்பகுதி இன்று இல்லை. அப்படி ஒரு நூல் இருந்தது என்பதையே அவருடைய குறிப்பால்தான் அறிகிறோம். கோப்பைச் சேமிப்பது ஒரு வேலை, அதைப் பற்றிய விபரத்தைப் பதிவது வேறொரு வேலை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

அடுத்த திருப்பம் சுவிட்சர்லாந்தில். சூரிச் நகரத்து மருத்துவர் கொன்ராட் கெஸ்னர், 1545இல் சுமார் 3,000 ஆசிரியர்களின் நூல்களைக் கொண்ட பெரும் பட்டியலை வெளியிட்டார். தனது வேலைமுறையை 1548இல் விளக்கி எழுதினார். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், ஒவ்வொரு குறிப்பையும் புது வரியில் தொடங்குங்கள், பிறகு கத்தரிக்கோலால் வெட்டி வேண்டிய ஒழுங்கில் அடுக்குங்கள் என்பதுதான் அவர் சொன்ன வழி. கொப்பியில் எழுதியது எழுதிய இடத்தில் நிற்கும், துண்டுச்சீட்டை இடம் மாற்றலாம். இன்று ஒரு பொத்தானை அழுத்தி ஆண்டு வரிசை, பெயர் வரிசை என்று மாற்றுகிறோமே, அதன் தொடக்கம் இந்தக் கத்தரிக்கோல்தான்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது பறிமுதலான நூல்களுக்குப் பட்டியல் எடுக்க 1791இல் அரசு வழிகாட்டல் கொடுத்தது. எழுதுவதற்குப் பயன்பட்டவை சீட்டாட்டக் கார்டுகள். அந்தக் காலத்தில் அவற்றின் பின்புறம் வெறுமையாக இருந்தது. தடிப்பான அட்டை, எங்கும் கிடைக்கும், எல்லாம் ஒரே அளவு. நூலக அட்டைப் பட்டியலுக்கு இது ஒரு முன்னோடி.

ஆனால் அட்டைக்கு ஒரு குறை உண்டு. ஓர் அட்டை ஓர் இடத்தில்தான் இருக்கும். உங்களிடம் கிழக்கு மாகாண முஸ்லிம் பெண்களின் கல்வி பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது என்று வையுங்கள். அதைக் 'கல்வி'யில் வைப்பதா, 'பெண்கள்' கோப்புறையிலா, 'கிழக்கு மாகாணம்' என்பதிலா? இந்தக் கேள்வியோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவர் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துச் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித விரிவுரையாளராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் தள்ளாமல், அதன் பொருள், இடம், காலம் என்று பல முகங்களாகப் பிரித்து, அவற்றைச் சேர்த்து எண் கொடுப்பது அதன் அடிப்படை. மென்பொருளில் இன்று நாம் ஒரு கட்டுரைக்கு நான்கைந்து குறிச்சொல் போடுவது இந்தச் சிந்தனையின் நெருங்கிய உறவு.

ஆகவே முதலாவது கேள்வி: ஒரே கட்டுரையை, பிரதி எடுக்காமல், பல தலைப்புகளின் கீழ் வைக்க முடியுமா? வெறும் கோப்புறைகளால் இது இலகுவில் முடியாது.

பெல்ஜியத்துக்குப் போவோம். 1895இல் போல் ஒட்லே, ஹென்றி லா ஃபொன்டேன் என்ற இருவர், உலகில் அச்சான எல்லாவற்றுக்கும் அட்டை எழுதப் புறப்பட்டார்கள். லா ஃபொன்டேன் 1913இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அட்டைகள் 1 கோடியே 20 இலட்சத்தைத் தாண்டின. தபாலில் கேள்வி அனுப்பினால் பொருத்தமான அட்டைகளைப் பிரதிசெய்து அனுப்பினார்கள். மின்சாரமில்லாத கூகிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் பிரசல்ஸில் அரசு கொடுத்த கட்டடம் ஒன்றில் இருந்தது. 1934இல் அரசு அதை மூடியது. 1940இல் ஜேர்மன் படை வந்தபோது சேகரிப்பில் ஒரு பகுதி அழிந்தது. மிச்சம் இன்று மொன்ஸ் நகரில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஒரே இடம், ஒரே புரவலர் என்றால் என்ன நடக்கும் என்று நமக்கு பெல்ஜியம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அவற்றில் சிலவற்றுக்கு வேறு பிரதியே இருக்கவில்லை.

கணினிக் காலத்திலும் இதே கதை வேறு உருவில் வந்தது. 1985இல் வந்த பிப்டெக், நூல் விபரங்களை எவரும் திறந்து வாசிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பில் வைத்தது. அதனால்தான் 40 வருடம் கழித்தும் அந்தக் கோப்புகள் திறக்கின்றன. பிறகு எண்ட்நோட் போன்ற விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்கள் வந்தன. 2006இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வாளர்கள் சேர்ந்து ஸொட்டெரோவை இலவசமாகவும் திறந்த மூலமாகவும் வெளியிட்டார்கள். ஆம், நம் துறைக்காரர்கள்தான். 2008இல், எண்ட்நோட்டை அப்போது வைத்திருந்த தொம்ஸன் ரொய்ட்டர்ஸ், தனது கோப்பு வடிவத்தை ஸொட்டெரோ திறக்கிறது என்று குறைந்தது 1 கோடி டொலர் கேட்டு வழக்குப் போட்டது. 2009இல் வழக்குத் தள்ளுபடியானது. சண்டை எதைப் பற்றியது என்று கவனியுங்கள்: ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றுக்கு வெளியேறும் கதவைப் பற்றியது.

2008இல் மெண்டெலி வந்தது. அழகானது, இலகுவானது, மாணவர்கள் கூட்டமாகச் சேர்ந்தார்கள். 2013இல் ஆய்விதழ்ப் பெருநிறுவனமான எல்ஸெவியர் அதை வாங்கியது. 2018இல், உங்கள் கணினியிலேயே இருக்கும் தரவுத்தளத்தை மெண்டெலி மறைகுறியாக்கம் செய்தது. பயனரின் பாதுகாப்புக்கு என்று நிறுவனம் சொன்னது. விளைவு, அதுவரை நேரடியாக வாசித்த வேறு மென்பொருள்களால் அதைத் திறக்க முடியாமல் போனது. ஏற்றுமதி வசதி இருந்தது. ஆனால் கோப்புறை அமைப்பும் பிடிஎஃப் மேல் எழுதிய குறிப்புகளும் அதனுடன் முழுதாக வெளியே வரவில்லை. 2022 செப்டெம்பரில் பழைய கணினிப் பதிப்பைப் பதிவிறக்கும் வசதியும் நிறுத்தப்பட்டது.

இரண்டாவது கேள்வி: நாளை இதை விட்டுப் போக நினைத்தால், என் கட்டுரை, விபரம், குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா? சேர்வதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. பத்துக் கட்டுரையைப் போட்டு, குறிப்பு எழுதி, வெளியே எடுத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

மூன்றாவது விடயம் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியிலும் பெரிதாக இராது. அது தமிழில் ஆய்வு செய்யும் நம்முடைய பிரச்சினை.

தமிழ் 1991இலேயே யுனிகோட்டில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் இலங்கையில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். ஆய்விதழ்கள், மாநாட்டு மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள் எத்தனையோ அப்படி வந்தவை. பாமினியில் 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். ஆகவே எவ்வளவு நல்ல மென்பொருளிலும் 'அம்மா' என்று தேடினால் அந்தக் கட்டுரை வராது. இருக்கிறது, ஆனால் இல்லை. நம் ஊர் வரலாறு, நம் பாடசாலைகளின் வரலாறு எழுதப்பட்ட பக்கங்களில் கணிசமானவை இப்படித்தான் கிடக்கின்றன.

ஒரு சோதனை செய்யுங்கள். பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியைப் பிரதிசெய்து வட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். சரியான தமிழ் வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துக் குழப்பம் வந்தால் பழைய எழுத்துரு. வரியைத் தெரிவு செய்யவே முடியாவிட்டால் அது வெறும் படம். பின்னைய இரண்டுக்கும் எழுத்துணரி உதவும். டெசரெக்ட் என்ற இலவச எழுத்துணரிக்குத் தமிழ் தெரியும், கூகிள் டிரைவிலும் அந்த வசதி உண்டு. எழுத்துணரி பக்கத்தைப் படமாகவே பார்ப்பதால் பாமினியும் அதற்குத் தடையில்லை. பிழைகள் வரும், ஆனாலும் தேடுவதற்குப் போதும்.

மூன்றாவது கேள்வி: இந்த மென்பொருள் கட்டுரையின் உள்ளே தேடுகிறதா, அந்த உள்ளே தமிழ் உண்மையில் இருக்கிறதா?

இனித் தெரிவு. மேற்கோளும் உசாத்துணைப் பட்டியலும் எழுத வேண்டியவர்களுக்கு ஸொட்டெரோவைச் சொல்வேன். ஒரே கட்டுரையைப் பல தொகுப்பில் வைக்கலாம், தரவு உங்கள் கணினியிலேயே இருக்கும், பிப்டெக் உட்படப் பல வடிவங்களில் வெளியே எடுக்கலாம். இலவச இணையச் சேமிப்பு 300 மெகாபைட் மட்டுமே. ஆனால் அது ஒத்திசைவுக்குத்தான், உங்கள் கணினியில் சேர்ப்பதற்கு அந்த எல்லை இல்லை. உள்ளே தேடும் வசதி, அமைப்பை மாற்றாவிட்டால், ஒரு கோப்பின் முதல் 100 பக்கத்தை மட்டுமே பார்க்கும். பெரிய மலர்களைச் சேர்ப்பவர்கள் அந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள். மேற்கோள் வேண்டாம், தேடினால் போதும் என்பவர்களுக்கு டொக்ஃபெச்சர், ரிகோல் போன்ற திறந்த மூலத் தேடுகருவிகள் இருக்கின்றன.

எதை எடுத்தாலும் மூன்று வேலையைக் கைவிடாதீர்கள். தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் யுனிகோட் தமிழில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். இரண்டு மூன்று குறிச்சொல் போடுங்கள். மாதம் ஒருமுறை முழுவதையும் வெளி வன்தட்டில் பிரதி எடுத்து, வீட்டில் இல்லாமல் வேறோர் இடத்தில் வையுங்கள்.

உங்கள் ஊர்ப் பாடசாலை மலர் பிடிஎஃப் ஆக இருந்தால் இன்றே அந்த வட்ஸ்அப் சோதனையைச் செய்து, என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள். பாமினியில் இருப்பவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஆளுக்கு ஒன்றாக மாற்றலாம்.