பெரட்டில் இல்லாத பெயர்கள்

எங்க ஆத்தாவோட அண்ணன் மலேயாவுக்குப் போனவர். கங்காணி வந்து ஆள் கட்டிக்கொண்டு போன காலம் அது. 1938-ல் இந்திய அரசாங்கம் அந்த ஆள்கட்டைத் தடை செய்வதற்கு முன்பே போய்விட்டார். கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற வேலை. அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். சட்டை போட்டு, ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எங்க ஊரில் நம்ம ஆள் எவனும் ஊர்த்தெருவில் சைக்கிளில் ஏறிப் போக முடியாத காலம். அதனால் அந்தப் போட்டோவைச் சேரியே வாங்கி வாங்கிப் பார்த்ததாம்.

1941-க்குப் பிறகு கடுதாசியும் இல்லை, பணமும் இல்லை. சண்டை முடிந்து திரும்பி வந்த ஒருத்தர்தான், 'சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க' என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் சேதி. 'செத்தான்னு சொல்ல ஆளில்ல, இருக்கான்னு சொல்லவும் ஆளில்ல. நாங்க எந்த நாளுக்குப்பா படையல் போடுறது?' என்று ஆத்தா கேட்கும். அந்தக் கேள்வியோடுதான் நான் யுத்த நாவல்களைப் படிக்கத் தொடங்கினேன்.

தமிழில் இரண்டாம் உலகப் போரைப் பற்றிய பெரிய நாவல் என்றால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972-ல் வெளிவந்தது. மெடானிலும் பினாங்கிலும் இருந்த தமிழர்கள், ஜப்பான்காரன் வருகை, இந்திய தேசிய ராணுவம், நண்பர்களின் அரட்டை, சாகசம், சாவு என்று விரிகிற நாவல். எனக்குப் பிடித்த நாவல். சிங்காரம் அந்தக் கடல்பக்கத்தில் இருந்து வாழ்ந்தவர். தான் கண்ட உலகத்தை எழுதினார். அந்த உலகம் வட்டிக்கடை உலகம், கணக்கெழுதத் தெரிந்த இளைஞர்களின் உலகம். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எங்க தாத்தாவை அதில் தேடினேன், காணோம்.

சயாம் ரயில் பாதையைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்த நாவல்கள் வேறு. பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் 1952-ல் எழுதியது 1957-ல் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற சினிமா ஆனது. படம் பிடித்த இடம் சயாம் அல்ல, இலங்கையின் கித்துல்கல. பிறகு ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் ஃபிளானகன் எழுதிய 'தி நேரோ ரோடு டு தி டீப் நார்த்' 2014-ல் புக்கர் பரிசு பெற்றது. அவருடைய அப்பாவே அந்தப் பாதையில் கைதியாக இருந்தவர். பட்டினியிலும் காலராவிலும் ஒருவனை ஒருவன் தாங்கிப் பிடித்த சிப்பாய்களின் நட்பு அதில் இருக்கிறது. படித்தபோது நானும் கலங்கினேன். ஆனாலும் கணக்கைப் பார்க்க வேண்டாமா?

தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியக் கூலிகள் இரண்டு லட்சத்துக்குக் கிட்ட. தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர். அவர்களில் 90,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 'மதிப்பிடுகிறார்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கைதிகளை எண்ணினார்கள், நம்மை மதிப்பிட்டார்கள்.

மலேயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் மிகப் பலர் தோட்டத்துத் தமிழர். அந்தத் தோட்டத் தமிழரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கடல் தாண்டியும் சாதி போகவில்லை. பல தோட்டங்களில் லயம் தனி, தண்ணி எடுக்கிற இடம் தனி.

அவர்கள் வாயில்லாப் பூச்சிகளும் அல்ல. 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம். பட்டாளம் வந்து சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். இதைப் படித்த அன்றைக்குத்தான் அந்தப் போட்டோவில் இருந்த சைக்கிள் எனக்குப் புரிந்தது. ஊர்த்தெருவில் இறங்க வேண்டாம் என்று கடல் தாண்டிப் போனவன், அங்கே துரைக்கு முன்னால் இறங்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. துரைமார் ஓடிவிட்டார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. அந்தப் பசியின் மேல்தான் ஆள்பிடிப்பு நடந்தது. முதலில் சில மாத வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது லாரியில் பிடித்து ஏற்றினார்கள். பெண்டு பிள்ளைகளோடு போன குடும்பங்களும் உண்டு.

கைதிகளின் முகாமில் அதிகாரிகள் இருந்தார்கள், பட்டாள டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று கட்டளை போட ஆள் இருந்தது. ஒளித்து வைத்து நாட்குறிப்பு எழுதினார்கள். ஆஸ்திரேலிய டாக்டர் வியரி டன்லப்பின் நாட்குறிப்பு 1986-ல் புத்தகமாகவே வந்தது. கூலி லயத்தில் இதெல்லாம் ஏது? 1943-ல் காலரா வந்தபோது கும்பல் கும்பலாகச் செத்தார்கள். அங்கேயும் ஒருவன் இன்னொருவனுக்குக் கஞ்சி ஊற்றியிருப்பான், தூக்கிச் சுமந்திருப்பான். நட்பு சிப்பாய்க்கு மட்டுமா சொந்தம்? எழுதிவைக்கத்தான் கை இல்லை. எழுத்து யாருக்கு மறுக்கப்பட்டதோ அவனுடைய நட்பும் காவியத்தில் ஏறாது. அவன் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் தோட்டத்துக் கிராணியின் செக்ரோல். காலைப் பெரட்டில் கூப்பிட்ட பெயர், சயாமில் கூப்பிட ஆளில்லாமல் போனது.

காஞ்சனபுரி யுத்தக் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல் இருக்கிறது, புல்வெளி இருக்கிறது. கூலிகளுக்கு? 1990-ல் அதே ஊரில் மண்ணைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியாக வெளிப்பட்டன. 2023-ல்தான் அங்கே ஒரு பௌத்தக் கோயில் வளாகத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு நடுகல் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் நடுகல் என்றால் செத்தவன் பெயரும் ஊரும் வேண்டும். அந்தப் பெயர்களை யார் கொடுப்பது?

மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் இந்தக் கடமையை நமக்கு முன்பே தொடங்கினார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் தோட்டத்து மனிதர்களையே நடுவில் நிறுத்துகின்றன. தமிழ்நாட்டில் எத்தனை பேர் படித்தோம்?

இந்தப் பக்கத்தைப் படிக்கிற தோழர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் மலேயா போனவன் வீடு என்று ஒரு வீடு இருக்கும். பழைய டிரங்குப் பெட்டியில் கடுதாசி, மணியார்டர் ரசீது, போட்டோ ஏதாவது கிடக்கும். போய்க் கேளுங்கள். பெயரையும் தோட்டத்தையும் கடைசிக் கடுதாசி வந்த ஆண்டையும் எழுதி வையுங்கள்.

எங்க ஆத்தா இப்போது இல்லை. கடைசிவரை நாள் தெரியாமல், ஆடி அமாவாசைக்கு ஊரில் எல்லாருக்கும் போடுகிறபோது, அண்ணனுக்கும் சேர்த்து ஒரு இலை போட்டுக்கொண்டிருந்தது.