முடிவில்லா ஓட்டம்

"சார், லைன் போச்சு!" என்றதும் திரையில் ஒரு குட்டி டைனோசர் ஓடுமே, அதன் கதை தெரியுமா?

2009-இல் ஆடம் சால்ட்ஸ்மன் உருவாக்கிய 'கனபால்ட்' இவ்வகை ஆட்டங்களைப் பரப்பியது. 2014-இல் கூகிள் குரோமில் டைனோசர் வந்தது. போகப் போக வேகம் கூடும், எல்லைக்கோடோ கிடையாது. முட்டினால் ஆட்டம் முடிஞ்சுது!

நம் நாட்டு ஓட்டத்தையும் கேளுங்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் மணி ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் அசையவில்லை. 2017-இல் நம்ம மலாக்காப் பிள்ளை கைருல் ஹாபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் அதை முறியடித்தார். வித்தியாசம் 0.02 விநாடிதான்!

திரையில் விழுந்தால் ஒரு தட்டு, மறுபடி ஓடலாம். திடலில் அப்படியா? அங்கே சிந்தும் வியர்வையே வரலாறாகும். ஆகவே, சப்பாத்தைக் கட்டிக்கிட்டு வாங்க, பிள்ளைகளே!