ஆட்டுக்கிடையும் கொள்ளை நோயும்

சோழநாட்டு உழவர்க்கு ஆடு வயலுக்கு உரமளிக்கும் செல்வமாகும். கல்லணைக் கால்வாய் நீரால் விளையும் பட்டுக்கோட்டை வட்டாரத்திலும், அதற்கு வடக்கே பரந்து கிடக்கும் காவிரிப் படுகையிலும், அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்துவது நெடுநாளைய வழக்கம். இராமநாதபுரச் சீமையிலிருந்து கீதாரிகள் மந்தைகளை ஓட்டி வருவர். இரவில் கிடை அமர்ந்த நிலத்தில் புழுக்கையும் சிறுநீரும் உரமாகும். நிலக்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். இவ்வாறு பல ஊர் மண்ணை மிதித்து வரும் மந்தை, உரத்தோடு நோயையும் சுமந்து வரக்கூடும். ஆதலின், மந்தைகளின் நோயைக் கண்காணித்த வரலாறு மாணவர் அறியத்தக்கது.

நம் முன்னோரை நடுங்கவைத்த கால்நடைப் பிணி வெக்கை நோய். வைரஸ் என்னும் நுண்ணுயிரால் தோன்றிய அது, மாடு எருமைகளைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தது. 1889இல் புனாவில் தொடங்கப்பெற்று, பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்ட ஆய்வுக்கூடம் அதனை வெல்லும் முயற்சியில் முன்னின்றது. அங்கே 1920களில் எட்வர்ட்ஸ் என்பார், அவ்வைரஸை வெள்ளாடுகளின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி, மாட்டுக்குத் தடுப்பூசி கண்டார். 1954இல் நாடளாவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று.

ஆடுகளிடத்தும் இதே குறிகள் தோன்றுவதுண்டு: காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீரொழுக்கு, வாய்ப்புண், கழிச்சல், மூச்சுத் திணறல். கண்டோர் வெக்கை நோயே ஆட்டையும் பற்றியது என்று கருதினர். ஆனால் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் 1942இலேயே ஆடுகளுக்குரிய வேறொரு நோய் விவரிக்கப்பட்டிருந்தது. 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில் செம்மறி ஆடுகள் நோயுற்றன. அவற்றினின்று பெற்ற வைரஸை ஆராய்ந்தபோது, அது வெக்கை நோயின் வைரஸ் அன்று, அதற்கு உறவான வேறொன்று என்பது தெளிவாயிற்று. ஆட்டுக் கொள்ளை நோய் இந்தியாவில் உண்டு என்பதை 1989இல் வெளியான அம்முடிவே உலகுக்கு உணர்த்தியது.

பெயரை அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் பெரிது. இரு வைரஸ்களும் உறவாகலின், மாட்டுக்குரிய தடுப்பூசி ஆட்டையும் காத்தது. ஆனால் அவ்வூசி பெற்ற ஆட்டின் இரத்தத்தில் வெக்கை நோய்க்குரிய எதிர்ப்பொருள் தோன்றிவிடும். அந்நோய் நாட்டில் எஞ்சியிருக்கிறதா என்று இரத்தத்தைச் சோதிப்போர், ஊசியின் சுவடு எது, நோயின் சுவடு எது என்று பிரித்தறிய இயலாது. எனவே ஆட்டுக்கென்றே தனி ஊசி வேண்டியதாயிற்று. அரசூரில் கிடைத்த வைரஸையே வீரியம் குன்றச் செய்து சென்னையில் ஓர் ஊசி ஆக்கினர்; முக்தேசுவரத்திலும் மற்றொன்று உருவாயிற்று.

இதற்கிடையே ஊர் ஊராகவும், மாடு செல்லும் வழி வழியாகவும் வெக்கை நோயைத் தேடினர். 1995க்குப் பின் இந்தியாவில் அது தோன்றவில்லை. 2011இல் உலகமே அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து, மனித முயற்சியால் முற்றும் ஒழிந்த வைரஸ் நோய் அதுவே.

ஆட்டுக் கொள்ளை நோயை 2030க்குள் ஒழிப்பது என்று 2015இல் உலக அமைப்புகள் குறிக்கோள் வகுத்தன. பட்டுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள ஒரத்தநாட்டில் 2012இல் கால்நடை மருத்துவக் கல்லூரி எழுந்தது. எனினும், நோயை முதலில் காணும் கண் கீதாரியின் கண்ணே. இரையெடுக்காமல் ஒதுங்கி நிற்கும் ஆட்டை அவர் அறிவார். நோய் என்று வாய் திறந்தால் அடுத்த ஊரில் கிடைக்கு இடமின்றிப் போகுமோ என்று அவர் அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்தைப் போக்கி, உண்மை சொன்னவருக்கு உதவி கிட்டச் செய்வதே கண்காணிப்பின் உயிர்நாடி. நாளை மருத்துவராகவும் அலுவலராகவும் விளங்கப்போகும் மாணவர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.