ரத்தம் ஏற்றியும் ஏறாத பிரஷர்

தண்டலத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத நாளே இல்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பையனின் ஞாபகம் வரும்.

நான் வேலையில் இருந்த காலம். ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரு தகடு சரிந்து, ஹெல்ப்பர் பையனின் தொடையைக் கிழித்துவிட்டது. தண்ணீர் கொடுத்தோம், விசிறினோம், வண்டி தேடி ஓடினோம். வண்டி வர இருபது நிமிடம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் நாங்கள் நாலு பேர் ரத்தம் கொடுத்தோம். நடுராத்திரியில் டாக்டர் வெளியே வந்து, "ரத்தம் ஏத்தியாச்சு சார், பிரஷர் நிக்க மாட்டேங்குது" என்றார். விடிவதற்குள் பையன் போய்விட்டான்.

போன ரத்தத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் ஏன் பிழைக்கவில்லை? ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் படிக்க நேரம் கிடைத்தது. நூறு வருடத்துக்கு மேலாகப் பலரை அலைக்கழித்த கேள்வி இது என்று அப்போதுதான் தெரிந்தது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஜார்ஜ் கிரைல் என்றொரு அறுவை மருத்துவர் இருந்தார். இளவயதில், அவருடைய நண்பர் ஒருவர் டிராம் வண்டியில் கால்கள் நசுங்கி, கண்ணெதிரே இறந்துபோனார். அந்த மரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டும் என்றே ஷாக் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கி, 1899-ல் புத்தகம் எழுதினார். ரத்தக் குழாய்களைச் சுருங்கச் சொல்லும் நரம்பு மையம் களைத்துப்போகிறது என்பது அவர் முடிவு. முழுக்கச் சரியில்லை என்றாலும், குழாய்களின் பக்கம் பார்வையைத் திருப்பியவர்களில் அவர் முக்கியமானவர்.

அதே ஊரில் 1940-களில் கார்ல் விக்கர்ஸ் நாய்களிடம் ஒரு சோதனை செய்தார். ரத்தத்தை எடுத்து, பிரஷரை ஒன்றரை மணி நேரம் 50-லும், பிறகு முக்கால் மணி நேரம் 30-லும் வைத்தார். அதன்பின் எடுத்த ரத்தம் முழுவதையும் திருப்பி ஏற்றினார். பிரஷர் ஏறியது. பிறகு மெல்ல இறங்கியது. பெரும்பாலான நாய்கள் இறந்தன. டாக்டர் எங்களிடம் சொன்னதும் இதைத்தானே!

மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வோம்? தோட்டத்துக் குழாயை மூடி, சமையலறைக்கு மட்டும் விடுவோம். உடம்பும் அப்படித்தான். ரத்தம் போனதும் அட்ரினலின், நார் அட்ரினலின் சுரந்து, தோல், குடல், தசை இங்கெல்லாம் உள்ள சிறு குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை மிச்சம் பிடிக்கிறது. கை கால் ஜில்லிட்டு வெளுப்பது அதனால்தான். ஆனால் நேரம் நீண்டால் அந்த வால்வுகள் சொன்னபடி கேட்பதில்லை.

நியூயார்க்கில் ஸ்வைஃபாக் என்பவர் விலங்குகளின் குடல் சவ்வை மைக்ராஸ்கோப்பில் வைத்து இதை நேரிலேயே பார்த்தார். ரத்தம் போன ஆரம்பத்தில், துளி அட்ரினலின் பட்டாலே நுண்குழாய்கள் வழக்கத்தைவிட வேகமாகச் சுருங்கின. பிந்திய கட்டத்தில் அதே மருந்துக்கு அசையவே இல்லை.

அந்த ஆய்வுக்குழுவில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற இளைஞரும் இருந்தார். 1980-ல் அவர், ரத்தக் குழாயின் உள்வரிப் படலமே குழாயைத் தளர்த்தும் ஒரு பொருளைச் சுரக்கிறது என்று கண்டுபிடித்தார். அது நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னால் தெரிந்து, 1998-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. 1993-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள், ரத்தம் இழந்த எலிகளில் குழாய்கள் மரத்துப்போவதற்கு இதே நைட்ரிக் ஆக்சைடு ஒரு காரணம் என்று காட்டினார்கள். போதிய ஆக்ஸிஜன் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறுவது இன்னொரு காரணம். குழாய்த் தசையின் பொட்டாசியம் வாயில்கள் திறந்துகொள்ள, சுருங்குவதற்கு வேண்டிய கால்சியம் உள்ளே நுழைய முடிவதில்லை.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில், ரத்த அழுத்தத்தைக் குறைக்கவென்று சென்ட்டாக்வின் என்ற மருந்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பல வருடம் கழித்து அனில் குலாட்டி என்ற விஞ்ஞானி, ரத்தம் இழந்த விலங்குகளில் அது நேர்மாறாக அழுத்தத்தை உயர்த்துவதைக் கண்டார். சிரைகளைச் சுருக்கி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் கூட்டுகிறதாம். இந்திய ஆஸ்பத்திரிகளில் சோதிக்கப்பட்டு, 2020-ல் இங்கே அனுமதியும் பெற்றது. ரத்தத்துக்கோ, ரத்தப்போக்கை நிறுத்துவதற்கோ அது மாற்று இல்லை, கூடுதல் துணை.

இத்தனை வருட ஆராய்ச்சியும் எனக்குச் சொன்னது ஒன்றுதான். போன ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், போன நேரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. எவ்வளவு ரத்தம் போனது என்பதோடு, எவ்வளவு நேரம் பிரஷர் தாழ்ந்து கிடந்தது என்பதும் சேர்ந்துதான் கணக்கு.

அன்று நாலு பாட்டில் ரத்தம் கொடுத்தோம் என்று பல வருடம் மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது அந்த இருபது நிமிடம்தான் உறுத்துகிறது. ஒரு சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, உடம்பு பாரம் முழுக்கப் போட்டு அழுத்தியிருக்கலாம். பிழைத்திருப்பானா, தெரியாது. அழுத்த வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்றவர்களில் நானும் ஒருவன்.

என் பேரன் இப்போது ஒரகடத்தில் வேலைக்குப் போகிறான். முதல் நாள் காலையில் அவனுக்கு நான் சொன்ன புத்திமதி இதுதான்: "யாருக்காவது ரத்தம் கொட்டினா, 108-க்குப் போன் போடச் சொல்லிட்டு நீ காயத்தை அழுத்திப் பிடிடா. வண்டி வர்ற வரைக்கும் கையை எடுக்காதே."